வட்டமாக வெட்டிய பலகை

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

ஆற்றுப் பாலம் நடுவில் இற்று விழுந்த வருஷம் அது. பாலம் விழுந்த கையோடு ரயில்காரர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். ஊருக்குள் மாவு வரவில்லை, ரொட்டிக் கடை வாசலில் வரிசையில் நின்று சண்டை போட்டோம். அதே வருஷம்தான் நம் கம்பெனியின் வெட்டுக் கொட்டகைக்குப் புது மின்ரம்பம் வந்தது, உங்களுக்கு மேற்பார்வையாளர் சட்டை வந்தது, பலகையின் ஓரத்தில் இரட்டை வளையம் போட்டு முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. வருஷத்துக்கு என்ன நம்பர் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அந்த இரட்டை வளையத்தை எங்கே பார்த்தாலும் தெரியும்.

உங்களோடு இனிமேல் பேச மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரம்மாவிடம் சொல்லி இதை எழுத வைக்கிறேன்.

மாப்பிள்ளை தோட்டத்தில் பெரிய கிரில் அடுப்பு வாங்கி வைத்திருப்பதையும், அதன்மேல் கல்லைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை பீட்சா சுட்டதையும் மகள் படம் எடுத்து அனுப்பினாள். கடைக்காரம்மா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பேத்தி கல்லில் ஒட்டிய சீஸை நகத்தால் சுரண்டி நக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் விரலுக்குப் பக்கத்தில், வெட்டுப்பட்ட விளிம்பில், பாதி வளையம். வாயில் இருந்த பன்னை அப்படியே கடை வாசலில் துப்பினேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். விஷயத்தைச் சொன்னதும் அவரும் தன் பன்னைக் காகிதத்தில் சுருட்டிக் கீழே வைத்தார்.

மகளுக்கு உடனே போன் போட்டோம். எனக்குக் காது மந்தம், அந்த அம்மாதான் கேட்டுச் சொன்னார். மகள் உங்களிடம் கேட்டாளாம். நீங்கள் சொன்ன பதிலை அவள் அப்படியே ஒப்பித்தாள்: "அது கடையில வாங்கின கல்லுன்னு சொல்றாருப்பா. உங்கப்பாவைக் கண்ணாடியை மாத்தச் சொல்லுன்னு வேற சொல்றாரு."

கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் உண்மையை மாற்றாதீர்கள். கடைக் கல்லா, நம் கம்பெனியின் கல்நார்ப் பலகையா, அந்த ஆஸ்பெஸ்டாஸா? அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நீங்கள் கைநாட்டு என்று கூப்பிடுகிறவன்


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி விஷயத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. அது நம் பலகைதான். கம்பெனி மூடியபோது எடுத்து வந்தது, இத்தனை நாள் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மருமகளிடம் கடைக் கல் என்று சொன்னதற்குக் காரணம், பலகை என்ற சொல்லைக் கேட்டாலே அந்தப் பெண் தன் அம்மாவை நினைத்து அழுகிறது. ஒருவரை அழவைக்காமல் இருப்பது பொய் ஆகாது.

நடந்ததையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பு வந்த அன்று என் மகன், "அப்பா, இதுக்கு எந்தக் கல்லு தாங்கும்? நீங்கதான் சூட்டுப் பலகை கம்பெனியில இருந்தவராச்சே" என்று கேட்டான். இந்த வீட்டில் என்னிடம் கேட்டுச் செய்யப்பட்ட ஒரே காரியம் இது. டிவி எங்கே வைப்பது, திரைச்சீலை என்ன நிறம், நான் எந்த அறையில் படுப்பது, எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் தரைக்குப் போடும் வழவழப்பு ஓடு ஒன்றை வைத்தேன். மேல்பூச்சு கொப்பளித்து, பெயின்ட் டப்பா எரிந்தாற்போல் நாறியது. பீட்சாவை அடுத்த வீட்டு நாயும் மோந்துவிட்டுப் போய்விட்டது. பிறகு சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு. அது சத்தத்தோடு வெடித்தது. ஒரு சில்லு கொடியில் காய்ந்த தலையணை உறையைப் பொத்தலாக்கியது. ஆன்லைனில் வரவழைத்த கல் பெட்டிக்குள்ளேயே இரண்டாக வந்தது. மகன் சிரித்தான். "போதும்ப்பா, விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்த "விடுங்க" எப்படி இருந்தது என்று தங்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது.

அதன்பிறகுதான் பலகையை எடுத்தேன். வட்டு ரம்பத்தால் நானே வட்டமாக வெட்டினேன், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான். தூள் கொஞ்சம் கிளம்பியது. உடனே பெருக்கிவிட்டேன். எவ்வளவு சூட்டிலும் அது விரியாது, வெடிக்காது, நெளியாது. உலகத்தில் எந்தப் பீட்சாக் கல்லும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

தங்கள் மனைவியார் இறந்த விஷயம் வேறு. அந்த நெஞ்சு நோய் அடுப்புப் புகையால் வந்தது என்று கம்பெனி விசாரணையிலேயே முடிவாயிற்று. பழைய கசப்பைக் கொண்டுவந்து எங்கள் பீட்சாவில் தூவ வேண்டாம்.

தங்கள்,
ஓய்வு பெற்ற பிரிவு மேற்பார்வையாளர்


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்காரம்மா படித்தார். "பெருக்கிவிட்டேன்" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். மிச்சத்தைப் படிக்காமல் போனை எடுத்தார். மகளிடம் சொல்லியாகிவிட்டது. பிறகுதான் மீதியைக் கேட்டேன்.

பெருக்கினீர்களாம்! துடைப்பத்தால்! உங்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சாக்கடையில் கை விட்டவன்கூட அந்தக் கையைப் பிறத்தியார் தட்டில் வைக்க மாட்டான். நீங்கள் மூட்டை மூட்டையாக நாங்கள் தின்ற தூளை எடுத்து என் பேத்தி விளையாடுகிற தோட்டத்தில் தூவிவிட்டு, சுத்தம் செய்தேன் என்று எழுதுகிறீர்கள்.

இந்த இடத்தில் உங்களை "நீ" என்றும், அதற்குக் கீழே இறங்கியும் சில வார்த்தை சொன்னேன். அந்த அம்மா எழுத மாட்டேன் என்றுவிட்டார். "சம்பந்தி முறைய்யா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல மூஞ்சியைப் பாக்கணும்" என்கிறார். சரி, நீங்கள் என்றே இருக்கட்டும்.

அடுப்புப் புகை என்றீர்கள். விசாரணையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்கள் அதைச் சொன்னபோது என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு. கல்யாணம் பேச வந்த அன்று தீப்பெட்டி இல்லை என்று அந்த அடுப்பில் குனிந்துதான் நீங்கள் சிகரெட் பற்றவைத்தீர்கள். புருவம் பொசுங்கி, என் வீட்டுக்காரி உள்ளே போய்ச் சிரித்தாள். எங்கே இருந்து ஐயா வந்தது புகை?

அவள் கொட்டகைப் பக்கம் கால் வைத்தவள் இல்லை. நான் வேலை முடிந்து வந்ததும் சட்டையை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போவாள். வெயிலுக்கு நேராகப் பிடித்து உதறுவாள். "பாருங்களேன், பூ பறக்குற மாதிரி பறக்குது" என்பாள். தும்முவாள், சிரிப்பாள், இன்னொரு தரம் உதறுவாள். அவ்வளவுதான் அவள் செய்த வேலை. கடைசியில் படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள். எச்சில் கிண்ணத்தை நான்தான் கழுவினேன். அதில் என்ன இருந்தது என்று சொன்னால் இந்த அம்மாவால் எழுத முடியாது.

பலகையைத் தொடாதீர்கள். உடைக்காதீர்கள். பெருக்காதீர்கள். அந்த இடத்தை ஈரமாக வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். முனிசிபாலிட்டியில் இதற்கென்று ஆள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள். பலகை வெளியே போகிற வரைக்கும் குழந்தை அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

கைநாட்டு


மார்ச் 21

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் விருப்பப்படியே ஆயிற்று. மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் ஆபீஸ் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம். என் டம்ளரை, நான் குடித்து வைத்த டம்ளரை, காகிதத்தால் பிடித்து எடுத்துத் தனியாக வைத்தாள். சோற்றில் முடி கிடந்தால் பார்ப்பார்களே, என் மகன் என்னை அப்படிப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் அவனே சமைத்து, எனக்கு மேசையில் வைத்துவிட்டு, அவன் அறைக்குப் போய்ச் சாப்பிடுகிறான்.

பலகை கிரில் மேலேயே இருக்கிறது. முனிசிபாலிட்டிக்கு நான் போன் செய்யவில்லை. மகன் செய்யப் போனான். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அதை எவனும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

தங்களுக்கு இது புரியாது. தாங்கள் சம்பளத்துக்கு வெட்டினீர்கள். நான் அந்தப் பலகையை நம்பினேன். எத்தனை கப்பலில் அது போயிற்று, எத்தனை பள்ளிக்கூடக் கூரையில், எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறியது! தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் தப்பித்தார்கள் என்று பேப்பரில் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வேன். முனிசிபாலிட்டிக்காரன் வந்து அதைக் குப்பை என்று மூட்டை கட்டினால், நான் யார்? எந்தக் குப்பைக்கு மேற்பார்வையாளர்?

காலையில் தோட்டத்துக்குப் போய் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறேன். சீஸ் காய்ந்து கறுப்பாகியிருக்கிறது. எறும்புகூட ஏறவில்லை. எனக்கே கொஞ்சம் குமட்டுகிறது. இதைத் தாங்கள் கடைக்காரம்மாவிடம் இரண்டாவது தரம் படிக்கச் சொல்ல வேண்டாம்.

சம்பந்தி


மார்ச் 26

சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டாவது தரமும் படிக்கச் சொன்னேன்.

நீங்கள் யார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நேரத்துக்கு வருவீர்கள், நேரத்துக்குப் போவீர்கள். ரம்பத்தில் ஒருத்தன் விரல் போனபோது உங்கள் சட்டையைக் கிழித்துக் கட்டினீர்கள். அந்த வேலை நிஜம். அந்தப் பலகை விஷம், அதுவும் நிஜம். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை என் பேத்திக்கு ஊட்டாதீர்கள். உங்கள் பெருமை உங்கள் நெஞ்சுக்குள் இருக்கட்டும். அவள் நெஞ்சுக்குள் எதற்கு?

நீங்கள் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் எனக்கு மேலெல்லாம் கூசியது. செத்த எலியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு தாலாட்டுகிற மாதிரி இருக்கிறது. எழுந்திருங்கள்.

பீட்சாக் கல் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை "விடுங்க" என்று சொன்னதால்தானே இத்தனையும். எங்கள் தெருமுனை ரொட்டிக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அந்த ஆள் வாயைத் திறந்தால் மூடமாட்டார், அதோடு என் காதும் மந்தம். அவர் கத்த, நான் கத்த, கடைக்கு வந்தவர்கள் சண்டை என்று நினைத்து விலகி நின்றார்கள்.

பூச்சு ஏற்றிய ஓடு எதற்கும் ஆகாது, பூச்சில் இருக்கிற கண்ட கண்ட மருந்தும் மாவில் இறங்கும் என்கிறார். கிரானைட் ஈரம் குடித்திருந்தால் வெடிக்குமாம். வெறும் களிமண் கல் மலிவு, ஆனால் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாகப் பட்டால் விரிசல் விடும். இரும்புத் தகடு உடையாது, ஆனால் கிரில்லில் தீ நேராக அடிப்பதால் மேலே வேகும் முன் அடி கருகிவிடும். கார்டியரைட் என்று ஒரு கல் இருக்கிறதாம். பெட்டியில் அந்தப் பெயர் போட்டிருக்கும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டாலும் தாங்குமாம். விரல் தடிமன் இருந்தால் போதும், ரொம்பத் தடி என்றால் சூடேற அரை நாள் ஆகும். அடுப்பு முழுக்க அடைக்கிற அளவுக்கு வாங்காமல், சுற்றிலும் அனல் போக இடம் விட்டு வாங்கச் சொன்னார்.

"கல்லை ஜில்லுன்னு இருக்கிற அடுப்புல வச்சு அடுப்போட சேர்த்துச் சூடாக்கச் சொல்லுங்க" என்றார். "எரியுற அடுப்புல தூக்கிப் போட்டுட்டு, கல்லு சரியில்லைன்னு என்னைத் திட்டக் கூடாது. சோப்புப் போட்டும் கழுவக் கூடாது. கல்லு சோப்பைக் குடிச்சுக்கும். அப்புறம் பீட்சா குளிச்சிட்டு வந்த மாதிரி மணக்கும்."

வாங்குங்கள். நீங்களே தேர்ந்தெடுங்கள். மகனிடம் கேட்காதீர்கள். ஆனால் முதலில் அது வெளியே போக வேண்டும்.

இன்னொன்று. கடைசி வாக்கியத்தை நீங்கள் எழுதும்போது இருமினீர்களா? எழுத்து அங்கே கோணலாக இழுத்திருக்கிறது என்று கடைக்காரம்மா சொல்கிறார். நீங்கள் இருமுவதாக மகளும் சொன்னாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்கள்.

கைநாட்டு


ஏப்ரல் 12

சம்பந்தி அவர்களுக்கு,

போய்விட்டது.

நான்தான் போன் செய்தேன். பெயரைச் சொல்லி, வேலை செய்த இடத்தைச் சொல்லி, "கல்நார்" என்று வாயால் சொன்னேன். போனில் பேசிய முனிசிபாலிட்டிப் பெண் "தூள் கிளம்பிச்சா சார்?" என்று கேட்டாள். கிளம்பியது என்றேன். பெருக்கினீர்களா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு அவள் பேசியது சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்போடு வந்தார்கள். தெருவே வேலியில் வந்து நின்றது. அடுத்த வீட்டுக்காரர், "ஏதாவது சாவா சார்?" என்று கேட்டார். பலகையை நனைத்து, இரண்டு பையில் சுற்றி, டேப் ஒட்டினார்கள். தோட்டத்து மேல்மண்ணைச் சுரண்டினார்கள். கிரில்லையே எடுத்துக்கொண்டார்கள். துடைப்பம், கைக்குட்டை எல்லாம் போயிற்று. கடைசியில் ஒருவர் என்னிடம் வந்து, "வெட்டினப்போ இந்தச் சட்டைதானா?" என்றார். ஆமாம் என்றேன். கழற்றச் சொன்னார். தெரு பார்க்கப் பனியனோடு நின்றேன். என் சட்டையை அவர் நுனி விரலால் தூரப் பிடித்து, உதறாமல், மெதுவாக, மிக மெதுவாகப் பைக்குள் இறக்கினார். அப்போது தங்கள் மனைவியாரை நினைத்தேன்.

மருமகளும் குழந்தையும் வந்துவிட்டார்கள். குழந்தையைப் பார்த்த டாக்டர், ஒரு தடவை பட்டதில் பயம் குறைவு, இனி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் குறைவு என்ற சொல்லைச் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டார்.

மகன் வேறு கிரில் வாங்கினான். கல்லை நான் வாங்கினேன், கார்டியரைட். கடைக்காரன் அதைவிடப் பளபளப்பாக ஒன்றைத் தள்ளப் பார்த்தான். "பூச்சு இருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்றேன். முதல் பீட்சா மாவு தூவ மறந்து கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்ததைப் பார்த்தால் யாரோ தின்று துப்பியது போல் இருந்தது. மகன் தின்றான். மருமகள் ஒரு துண்டைத் தட்டில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட மாட்டேன் மாமா" என்றாள். அடுத்த வாரமும் அப்படித்தான் சொல்வாளாக இருக்கும்.

இப்போது ஒரு காரியம். கம்பெனி மூடிய அன்று பலகை எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஞாபகப் பரிசு என்று ரிப்பன் கட்டி எல்லாருக்கும் கொடுத்தோம். எடுத்துக் கொடுத்தது என் கை. வீட்டில் சூடான பாத்திரம் வைக்கலாம் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அவை எல்லாம் எங்கேயோ இருக்கின்றன. எவனாவது வெட்டுவான். எவனாவது பெருக்குவான். முகங்கள் வருகின்றன, யார் எந்தத் தெரு என்பது எனக்கு வரவில்லை. தங்களுக்கு வரும். சொல்லுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் நான் எழுதுகிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 18

சம்பந்தி அவர்களுக்கு,

எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரிப்பன் சிவப்பு. வரிசை கொட்டகை வாசலில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரை நின்றது. நின்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நெட்டை. பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்கு சல்யூட் அடித்தாரே, அவர். மூடின மறு வருஷமே போய்விட்டார். பலகை கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது. அந்த முட்டையைத்தான் அந்த வீட்டில் தின்கிறார்கள். மருமகள் இருக்கிறாள், ரயில் கேட்டுக்குப் பின்னால் பச்சைக் கதவு.

அவருக்குப் பின்னால் பாட்டுக்காரர். வேலை செய்யும்போது வாய் மூடாமல் பாடுவார், வாய் வழியாகவே எல்லாம் உள்ளே போயிற்று. கடைசியில் பேசவே மூச்சு இல்லாமல் கையால் தாளம் போட்டார். பலகையை இஸ்திரிப் பெட்டி வைக்க மகள் வைத்திருக்கிறாள். தபால் ஆபீஸ் மாடியில் தையல் கடை.

மூன்றாவது சோடாபுட்டி. கண்ணாடி மேல் தூள் படிந்து கண் தெரியாமல் வழி தவறி உங்கள் அறைக்குள் வந்துவிடுவார், ஞாபகம் இருக்கும். அவரும் இல்லை. வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன். பலகை குளியலறைச் சுவரில் அறைந்திருக்கிறது, ஆணி நான் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்து அண்ணன் தம்பி இரண்டு பேர், மூட்டை பிரிக்கிறவர்கள். பஞ்சு மாதிரி இருக்கிற அந்த நாரை அள்ளி ஒருத்தர் தலையில் ஒருத்தர் போட்டு விளையாடுவார்கள். நீங்கள்கூட ஒரு நாள் சிரித்தீர்கள். தம்பி முந்திக்கொண்டார், அண்ணன் பின்னாலேயே போனார். இரண்டு பலகையும் ஒரே வீட்டில், பரணில்.

விரல் போனவர், நீங்கள் சட்டை கிழித்துக் கட்டினவர், இல்லை. காவல்காரர் இல்லை, அவர் உள்ளே வேலை செய்யாதவர், வாசலில்தான் நின்றார், அவருக்கும் அதே இருமல். மகன்கள் பலகையைத் துண்டு போட்டு மீன் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் எழுதுங்கள்.

என் பலகை இல்லை. வீட்டுக்காரி இறந்த வாரமே ஈரச் சாக்கில் கட்டி முனிசிபாலிட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். அங்கே இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். என்னைப் பார்த்தா, அதைப் பார்த்தா என்று கேட்கவில்லை.

எழுதும்போது மரியாதையாக எழுதுங்கள். மேற்படி, கீழ்ப்படி எல்லாம் வேண்டாம். உடைக்காதே, வெட்டாதே, பெருக்காதே, நனைத்து மூடு, ஆளைக் கூப்பிடு. அவ்வளவு போதும்.

வரிசையில் கடைசியாக நின்றவரைச் சொல்ல வேண்டும். கொட்டகையில் கால் வைக்காதவர், ஆனால் எங்கள் சட்டைத் தூளெல்லாம் அவர் மேசையில்தான் கொட்டியது. எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார், நீங்கள் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். இப்போது மலைப்பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். பல் இல்லை, கண் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பலகையைத் தினமும் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து, அதன்மேல்தான் இன்னும் மாவு தேய்த்து, வீட்டில் எல்லாருக்கும் ரொட்டி சுடுகிறாராம். போன வருஷம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். உங்களையும் என்னையும் தள்ளினால், அந்த வரிசையில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவர் ஒருத்தர்தான். மற்றக் கடிதம் எல்லாம் அப்புறம். பேனாவை எடுத்ததும் முதலில் அவருக்கு எழுதுங்கள்: கேன்டீன் அக்கா.